நாற்பதாவது பேச்சு

"மிளகாய் அரைச்ச கல்லுல கேவுரைக் கொட்டியிருக்கியே, உன் மண்டையில இன்னாடி—"

"காரம் போகக் கல்லுல ஓட்டிக் கழுவ அரிசி எங்க இருக்குது? டப்பா காலி! நாலு நாளா கை காட்றேன், நீங்க பாக்கறதே—"

"டப்பா காலின்னா மிஷினை நிறுத்திட்டுச் சொல்லணும்! கை காட்டினாளாம் கை! கைக்கொழந்தைக்குக் கூழ் காய்ச்சற மாவுடி அது. வாயில வச்சதும் புள்ள வீல்னு—"

"நிறுத்தினா 'எவடி நிறுத்தச் சொன்னது'ன்னு கத்துவீங்க. நிறுத்தலன்னா 'ஏண்டி நிறுத்தல'ன்னு—"

"எதிர்ப்பேச்சு பேசாத!"

"பேசுவேன்!"

கொருக்குப்பேட்டை உப்புமண்டித் தெருவில் கரண்ட் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. மாவு மில் வாயை மூடினால்தான் தேன்மொழியின் வாய் தெருவுக்குக் கேட்கும். பேர் வைத்த புண்ணியவானைத் தேடிப் பிடித்து உதைக்கணும் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. ஐம்பத்திரண்டு வயது, தலையெல்லாம் மாவு, குரல் மட்டும் மில்லில் அரைக்கிற எமரிக் கல். எதிரே நின்றவள் மினதி. ஒரிசாக்காரி, வயது இருபத்திரண்டு. மூன்று வருஷமாக மில்லில் வேலை. அவள் தமிழைக் கற்றது தேன்மொழியிடம்தான். அதனால் அவள் தமிழில் பாதி திட்டாக இருந்தது.

இரண்டு பேரும் மூச்சு வாங்க நிறுத்தியபோது, குடியிருப்போர் சங்கச் செயலாளர் டில்லிபாபு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். வாயில் விரலை வைத்து, 'பேசாதே, பேசாதே' என்று தலையை ஆட்டினார். மில் வாசலில் நின்ற விளக்குக் கம்பத்தைக் காட்டினார். கம்பத்தின் நடுவில் ஒரு தேங்காய் அளவு சாம்பல் நிறப் பெட்டி. தெருவில் அதற்குக் 'காது' என்று பெயர். கரண்ட் இல்லாவிட்டாலும், காதில் பேட்டரியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. மில் உறுமியது. டில்லிபாபு தேன்மொழியைக் கையைப் பிடித்து இழுத்து, ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். காது வந்த அந்த ஒரு வருஷமாகத் தெருவில் யாருக்கு ரகசியம் பேச வேண்டுமென்றாலும் இங்கேதான் வந்தார்கள். தெரு முழுக்கக் காது முளைத்த பிறகு, ஊரிலேயே அதிகச் சத்தம் போடுகிற இடம்தான் ரகசியத்துக்கு ஏற்ற இடமாகிப் போயிருந்தது.

"தேனு, உனக்கு அறிவு இருக்கா? பச்சை எரிஞ்சுது. இன்னையோட முப்பத்தொம்போது!" என்று அவள் காதருகே கத்தினார்.

"இன்னாது முப்பத்தொம்போது?"

"நீயும் அவளும் பேசின நாளு. நாப்பது ஆச்சுன்னா உன் வூட்டோட உறவு அவளுக்கு முடிஞ்சுது. மத்த ஆறு வூட்டுல எப்பவோ முடிச்சிட்டா. நீதான் ஏழாவது."

தேன்மொழிக்குச் சட்டென்று விளங்கவில்லை. "அவ தெனமும் என்கூடத்தான நிக்கிறா? மூணு வருசத்துல முப்பத்தொம்போது நாளா?"

"காது வந்தது போன வருசம். அப்புறம் அது கேட்டது அவ்ளோதான். இந்தச் சத்தத்துல அதுக்கு இன்னா கேக்கும்? சாமி புண்ணியம்னு நெனச்சிக்கோ. இல்லன்னா எப்பவோ வூட்டை வாங்கியிருப்பா."

விஷயம் இதுதான். பழைய தெருவில் ஒரு பகுதியை இடித்துவிட்டுத் தெருக்கோடியில் பதினான்கு மாடி எழுப்பியிருந்தார்கள். பட்டா உள்ளவனுக்கு வீடு என்ற பழைய சட்டம் போய், புத்தாக்க ஆணையம் புதிதாக ஒன்று கொண்டு வந்திருந்தது. இருபது வீடுகளைத் தனியாக எடுத்து வைத்தார்கள்: தனிக்குடித்தனம் போகிற தெருவின் இளசுகளுக்கும், பிழைக்க வந்த வெளியூர் ஆட்களுக்கும். வெளியூர் ஆளிடம் காகிதம் எதுவும் கேட்க மாட்டார்கள். தெருவில் ஏழு வீட்டோடு பேச்சுவார்த்தை இருந்தால் போதும். ஒரு வீட்டுக்கு, ஒரு வருஷத்தில், நாற்பது நாள். வீடு யார் பேரில் இருக்கிறதோ அவரோடு. என்ன பேசினார்கள் என்று காது வைத்துக்கொள்ளாது. யார் யாரோடு பேசினார்கள் என்பது மட்டும்தான். ஒருத்தர் பேசினால் மஞ்சள். எதிராளி பதில் சொன்னால் பச்சை.

"பத்தொம்போது வூடு போயாச்சு," என்றார் டில்லிபாபு. "கடைசி ஒண்ணு. வர்ற முப்பதாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டியலை மூடறான். அதுக்குள்ள அவ ஏழும் முடிச்சா அவளுக்கு. முடிக்கலன்னா அடுத்த பேரு யாரு தெரியுமா?"

தேன்மொழிக்குத் தெரியும்.

"உன் புள்ள தர்ஷன். எனக்கு அந்தப் பொண்ணு மேல கோவம் இல்ல, தேனு. நல்ல பொண்ணு. ஆனா வூடு ஒண்ணுதான?"

அந்தப் பக்கம் மினதி, ஒன்றும் தெரியாமல், கூம்பு வடிவத் தொட்டியில் கோதுமையைக் கொட்டிக்கொண்டிருந்தாள். தேன்மொழி பார்ப்பதைப் பார்த்ததும் உதட்டைச் சுழித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். கோபமாம்.

*

"பதினோரு நாள்மா. பதினோரு நாள் நீ வாயை மூடிக்கினு இருந்தா போதும்."

"பொறந்ததுலேர்ந்து நான் பதினோரு நிமிசம் வாயை மூடினதில்லடா."

"விளையாடாதம்மா!"

தர்ஷன் மில்லுக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் நின்றான். அறைக்கு நடுவே ஒரு புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் தேன்மொழி. அந்தப் பக்கம் அவனும் அவன் மனைவி அபிநயாவும். அபிநயாவுக்கு ஆறு மாதம். கீழே மில் ஓடினால் மேலே தரை அதிரும். மருத்துவமனையில் டாக்டரம்மா இரண்டு முறை சொல்லியாகிவிட்டது, 'இந்தத் தூசியில குழந்தையை வச்சுக்க முடியாது' என்று.

"அவ இன்னாடா பண்ணுவா?" என்றாள் தேன்மொழி.

"யாரு?"

"யாருன்னு தெரியாத மாதிரி கேக்கற."

தர்ஷன் தலையைக் குனிந்தான். "வெளியூர்க்காரங்க தங்கற ஷெட்டை இடிச்சதும் அவங்களையெல்லாம் திருவள்ளூரைத் தாண்டி ஒரு முகாமுக்குக் கூட்டினு போறாங்களாம்."

"அவ சாயங்காலத்துல படிக்கப் போறாளே? லிஃப்ட் ரிப்பேர் பண்றதுக்கு. இன்னும் நாலு மாசத்துல முடியுதுன்னா. அங்கேர்ந்து எப்படிடா வருவா?"

"தெரியலம்மா. உன் பேரனை எங்க படுக்க வைக்கிறதுன்னும் எனக்குத் தெரியல. அதையும் கேளு."

திரைக்குப் பின்னால் அபிநயா இருமினாள். இருமலை அடக்கப் பார்த்து இருமினாள். அதுதான் தேன்மொழியை அடித்தது.

"சரிடா," என்றாள். "பேசல."

அன்று இரவு படுத்துக்கொண்டு அந்த முப்பத்தொன்பது நாட்களையும் யோசித்துப் பார்த்தாள். மினதி வருமுன் மில் ஓட ஆரம்பித்துவிடும். அவள் வகுப்புக்குப் போகும்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நடுவில் நிற்பது கரண்ட் போனால், பெல்ட் அறுந்தால், தேய்ந்த கல்லைக் கொத்தினால். அதாவது ஏதாவது கெட்டுப்போனால். கெட்டுப்போன அன்றைக்கு யார் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள்? காது கேட்ட முப்பத்தொன்பதும் சண்டை. சல்லடையைக் கிழித்ததற்கு ஒன்று, ரவையை மாவாக்கியதற்கு ஒன்று, சொல்லாமல் ஜுரத்தோடு வந்து நின்றதற்கு ஒன்று.

மற்றதெல்லாம் கையால். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்தால் இன்னும் நைசாக. ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்ப் புருவத்தைத் தூக்கினால், சாப்பிட்டியா? தினமும் பதினொரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை. அவள் வயிற்றைத் தட்டிக் காட்டுவாள். தட்டாவிட்டால் தேன்மொழி மேலே போய்த் தட்டில் போட்டுக்கொண்டு வருவாள்.

காதுக்குக் கண் கிடையாது. அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

*

மறுநாளிலிருந்து தேன்மொழி மில்லை நிறுத்தவே இல்லை.

காலையில் மினதி தெருமுனையில் தலை காட்டும்போதே ஸ்விட்சைப் போட்டாள். அரைக்க ஆள் வராத நேரத்திலும் ஓட விட்டாள். தானியம் இல்லாமல் கல்லை ஓட விடுவது மில்காரன் செய்கிற காரியமில்லை. கல்லும் கல்லும் உரசிக் கருகும். கருகின வாசனை தெருவெல்லாம் அடித்தது. தெருவில் எல்லோருக்கும் காரணம் தெரியும். மில்லுக்கு வருகிறவர்கள் மாவை வாங்கிக்கொண்டு, மினதியின் முகத்தைப் பார்க்காமல் நழுவினார்கள். ஒரு ஆள் மட்டும் தேன்மொழியைப் பார்த்து, நல்லது செய்கிறாய் என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனான். அவள் அவனுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

மினதிக்கு மட்டும் தெரியவில்லை. அக்கா இன்னும் கேழ்வரகுக் கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்தாள். மூன்றாம் நாள் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டுக் காட்டினாள். தேன்மொழி சிரிக்காமல் மாவைச் சலித்தாள். ஐந்தாம் நாள் கரண்ட் போனது. மில் அடங்கியதும் மினதி, "அக்கா—" என்று ஆரம்பித்தாள். காதில் மஞ்சள் எரிந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிகிறது என்று ஓடுகிறவள் மாதிரி தேன்மொழி மாடிக்கு ஓடினாள். கரண்ட் வரும்வரை இறங்கவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்தபோது, கல் கழுவுகிற டப்பாவில் தளும்பத் தளும்பப் பச்சரிசி இருந்தது. மினதி தன் காசில் வாங்கிக் கொட்டியிருந்தாள்.

அன்றைக்கும் பதினொரு மணிக்குத் தேன்மொழி விரலைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாள். மினதி முகம் மலர்ந்து வயிற்றைத் தட்டினாள். கோபம் போய்விட்டது என்று நினைத்திருப்பாள், பாவி.

*

முப்பதாம் தேதி. மணி ஐந்தே கால்.

ஆணையத்தின் களப்பணியாளர் நஸ்ரின் மில் படியேறி வந்து ஏதோ கத்தினாள். தேன்மொழி காது கேட்காத மாதிரி கையை விரித்தாள். மறுபடியும் கத்தினாள். மறுபடியும் கையை விரித்தாள். வந்தவங்களை நிற்க வைக்கக் கூடாதே என்று மினதி போய் ஸ்விட்சை அணைத்தாள்.

கரண்ட் போன நாளுக்குப் பிறகு அப்படி ஒரு நிசப்தம் அந்த மில்லில் இல்லை. மாடிப்படியில் தர்ஷனின் காலடி கேட்டு, பாதியில் நின்றது.

"உங்களைத்தான் பார்க்க வந்தேன், ஆன்ட்டி," என்றாள் நஸ்ரின். "பத்து நாளா உங்க மில் வாசல் பெட்டியில ஒரு பச்சைகூட இல்ல. பெட்டி கெட்டுப்போச்சான்னு பார்க்க அனுப்பினாங்க."

"பெட்டி நல்லாத்தான் கீது."

"அப்போ மினதிக்கு உங்க வீட்டுல ஒரு நாள் பாக்கி நிக்குது, அது உங்களுக்குத் தெரியுமா?"

தேன்மொழி தரையைப் பார்த்தாள். நஸ்ரின் மினதியிடம் திரும்பினாள். "நீயாவது பார்த்திருக்கலாமே, மினதி? ஆபீஸ்ல வந்து கேட்டா சொல்லியிருப்போமே?"

"மத்த ஆறு வீடு கேட்டேன், மேடம். வாராவாரம் வந்து கேட்டேன்," என்றாள் மினதி. சிரிக்கிற மாதிரி இருந்தது குரல். "அக்கா வீடு கேக்கல. அதைப் போயி யாராவது கேப்பாங்களா?"



நஸ்ரின் வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தாள். "நானும் இதே தெருதான், ஆன்ட்டி. முப்பத்தாறாம் நம்பர், பின்கட்டுல வாடகைக்கு இருந்தோம். முதல் தடவை இடிச்சப்போ எங்க வாப்பாகிட்ட பட்டா கேட்டான், ரேஷன் கார்டுல தெரு பேர் கேட்டான். பதினாறு வருசம் இருந்த தெருவுல நாங்க இருந்ததுக்கு ஒரு காகிதம் இல்ல. அதான் பெரிய மீட்டிங்ல நான் எழுந்து சொன்னேன், காகிதத்தைக் கேக்காதீங்க, அக்கம்பக்கத்தைக் கேளுங்கன்னு. மனுசங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு சொன்னேன்."

"நாங்க பொய் சொல்லலியே," என்றாள் தேன்மொழி.

"இல்ல. பேசாம இருந்தீங்க. அதுக்கு நான் சட்டத்துல இடம் வைக்கல." கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நான் எதுவும் சொல்லக் கூடாது. ரெண்டு பேரையும் பேசுங்கன்னு நான் சொன்னா அது செல்லாது. ஆறு மணிக்கு மூடிடுவாங்க." எழுந்து, தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

மினதி தேன்மொழியைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. ஆள்காட்டி விரலால் நெற்றிப்பொட்டைத் தொட்டு, புருவத்தைத் தூக்கினாள். தெரியுமா?

தேன்மொழி தலையை அசைத்தாள். தெரியும்.

பட்டியலில் தனக்கு அடுத்த பேர் தர்ஷன் என்பது மினதிக்கும் தெரியும்; அவள் கண் மாடிப்படிக்குப் போனது. தர்ஷனுக்குப் பின்னால் அபிநயா வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு கை வயிற்றின்மேல். மினதி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, துடைப்பத்தை எடுத்து, கல்லைச் சுற்றிச் சிந்தியிருந்த மாவைக் கூட்ட ஆரம்பித்தாள். கூட்டி, முறத்தில் அள்ளி, தகரத்தில் கொட்டினாள். தினமும் வகுப்புக்குப் போகுமுன் செய்கிற வேலை. ஒரு ஓரம் விடாமல் செய்தாள்.

ஐந்து முப்பத்தைந்து.

டில்லிபாபு வாசலுக்கு வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். ஸ்விட்ச் தேன்மொழியின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. 'போடும்மா' என்று தர்ஷன் வாயசைத்தான்.

அவள் கை ஸ்விட்சுக்குப் போனது. போன கை, பக்கத்திலிருந்த பச்சரிசி டப்பாவில் பட்டது. டப்பா இன்னும் அப்படியே இருந்தது. ஆறு நாளாக அவள் அதில் ஒரு பிடி எடுக்கவில்லை.

"அரிசியை எவடி வாங்கச் சொன்னது?" என்றாள்.

வாசலில் நின்றவர்கள் மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது. காதில் மஞ்சள் எரிந்தது.

மினதி தகரத்தின் மூடியைத் துடைத்தாள்.

"உன்னைத்தாண்டி கேக்கறேன்! காசு கொழுத்துப் போச்சா? கல்லு கழுவ எவளாவது பொன்னி அரிசி வாங்குவாளா? குருணை போதும்னு நூறு தடவை சொல்லலை?"

மஞ்சள்.

"அம்மா!" என்றான் தர்ஷன்.

"நீ சும்மா இருடா! உனக்கு வூடு வேணும்னா நான் தெருவுல படுத்தாவது—"  மினதியிடமே திரும்பினாள். "இன்னாடி, வாய் செத்துப் போச்சா? எதிர்ப்பேச்சு பேசுவேன்னியே! சல்லடையைக் கிழிச்சவதான நீ? ரவையை மாவாக்கினவதான? திமிரு புடிச்சவ! திட்டுடி! என்னை நாலு வார்த்தை திட்டு! பத்து நாளா உன்னைப் பார்த்துக்கினே வாயை மூடிக்கினு இருந்தனே, அதுக்காவது திட்டக் கூடாதா?"

மினதி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். மாவு படிந்த கையை முந்தானையில் துடைத்தாள். ஆணியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கண் நிறைந்திருந்தது. உதடு மட்டும் ஒட்டின மாதிரி இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து நஸ்ரின் ஒரு அடி எடுத்து வைத்து, நின்றுவிட்டாள். டில்லிபாபுகூட இப்போது மினதியைத்தான் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது என்னவென்று சொல்ல முடியவில்லை.

ஐந்து ஐம்பத்திரண்டு.

தேன்மொழி கத்துவதை நிறுத்தினாள். குரல் கம்மிப் போயிருந்தது. மினதி படியிறங்கப் போகிற இடத்தில் போய்க் குறுக்கே நின்றாள். மூன்று வருஷமாகக் கையால் மட்டுமே கேட்ட ஒன்றை, முதல் தடவையாக வாயால் கேட்டாள்.

"சாப்பிட்டியா?"

மஞ்சள் எரிந்தது. தெரு முழுக்க அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மினதி அவளை நேராகப் பார்த்தாள். பிறகு, மில் ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி, மெதுவாக வயிற்றை இரண்டு தடவை தட்டிக் காட்டினாள்.

"கையால இல்லடி. வாயால சொல்லு."